புகை மறைந்த பிறகு

டீசல் எஞ்சின் தன் அந்தரங்கக் குறைகளை வெளியே காட்டிக்கொள்வதற்கு நெடுங்காலமாக இருந்துவந்த வழி புகைதான். டிராக்டரின் முகப்புக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் குழாயிலிருந்து கன்னங்கரிய புகை கிளம்பினால் டீசலுக்குத் தக்க காற்று உள்ளே செல்லவில்லை என்றும், நீலம் பாரித்த புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகலத்துக்குள் கசிகிறது என்றும், எஞ்சின் சூடேறிய பிறகும் வெண்புகை நிற்கவில்லையாயின் எரியாத டீசலோ ரேடியேட்டர் நீரோ ஆவியாகி வெளியேறுகிறது என்றும், இயந்திர சாஸ்திரம் பயிலாத உழவரும் வரப்பில் நின்றவாறே அனுமானித்துக்கொள்வார். வண்டி பட்டறை வாயிலில் வந்து நிற்கும்போது விடும் புகையைப் பார்த்தே, அதைத் தொடுவதற்கு முன்னரே, மெக்கானிக் பாதி நிர்ணயத்தை முடித்துவிடுவது சாதாரணமாக இருந்தது.

இந்த அத்தியாயத்தில் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் சாதனமாகிய புகை வடிகட்டி அந்த வழியை அடைத்துவிட்டது. அது செவ்வனே வேலை செய்யும் வண்டியில் புகை கண்ணுக்குப் புலனாவதே இல்லை. ஆனால் அதனால் எஞ்சினில் குறையே இல்லை என்று ஆகிவிடாது. இன்ஜெக்டர் ஒழுகினாலும் சரி, டர்போவின் சீல் தேய்ந்து ஆயில் கசிந்தாலும் சரி, அவற்றால் விளையும் கரியும் சாம்பலும் யாருக்கும் தெரியாமல் வடிகட்டிக்குள் சென்று ஒதுங்கிவிடுகின்றன. பல நாட்கள் கழித்து எச்சரிக்கை விளக்கு எரியும்போது உழவர் வடிகட்டியைப் பழிக்கிறார். விற்பனையாளரும் சில சமயம் அதையே மாற்றிக் கொடுத்துப் பெருந்தொகை வாங்கிக்கொள்கிறார். சில மாதங்களில் பழைய சங்கதியே திரும்பவும் தலைகாட்டுகிறது. வடிகட்டி தானாகக் கெடுவது அபூர்வம். எஞ்சினின் கேட்டையும், அதனிடம் வாங்கப்படும் வேலையின் தன்மையையும் தன்மேல் ஏற்றுக்கொண்டு காட்டுவதே அதன் சுபாவம் என்பதை ஆரம்பத்திலேயே மனத்தில் கொண்டால், இனி விவரிக்கப்போகும் குறிகளைப் படிப்பதில் சிரமம் இராது.

இத்தகைய சாதனம் வயலுக்கு வந்து சேர்ந்தது சட்டத்தின் நிர்ப்பந்தத்தால். அமெரிக்க நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பெரிய டிராக்டர் எஞ்சின்களுக்கு 1996-இல் முதன்முதலாக விதித்த வரம்பு, ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 0.54 கிராம் துகள் என்பதாகும். 2004-இல் வெளியிட்டு அடுத்த பத்தாண்டுக் காலத்தில் படிப்படியாக அமுலுக்குக் கொண்டுவந்த நான்காம் கட்ட விதி, ஏறத்தாழ 75 குதிரைச் சக்தியும் அதற்கு மேலும் உள்ள டிராக்டர்களுக்கு அதை 0.02 கிராமாகக் குறைத்தது. அப்போது சில உற்பத்தியாளர்கள் எஞ்சினை நன்றாக உஷ்ணமேறி எரியவிட்டுக் கரியைக் குறைத்து, அதனால் பெருகும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை யூரியாக் கரைசலைக் கொண்டு அடக்கி, வடிகட்டி இல்லாமலேயே தப்பித்துக்கொண்டார்கள். ஐரோப்பாவின் ஐந்தாம் கட்ட விதி எடையை 0.015 கிராமாக்கியதோடு நில்லாமல், துகள்களின் எண்ணிக்கையும் கிலோவாட்-மணிக்கு ஒரு லட்சம் கோடியைத் தாண்டலாகாது என்று எல்லை கட்டியது. கேட்பதற்குப் பிரம்மாண்டமாகத் தோன்றும் அந்த எண், டீசல் எஞ்சினுக்கு எவ்வளவு குறுகலானது என்றால், தப்பியவர்களும் வடிகட்டியிடம் வந்து சேர வேண்டியதாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்று விளைவிப்பது நிச்சயம் என்ற வகுப்பில் சேர்த்ததையும் நினைத்தால், இந்தக் கண்டிப்பை வீண் கெடுபிடி என்று சொல்வதற்கில்லை. இந்தியாவில் 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு நான்காம் கட்ட வரம்பு வந்திருக்கிறது. நம் ஊர் வயல்களில் உழைப்பவற்றில் பெரும்பாலானவை அதற்குக் குறைந்த சக்தியுடையவையாதலால், இந்தச் சாதனத்தோடு நமக்கு உள்ள பரிச்சயம் இன்னும் சொற்பமே.

கரி எங்கிருந்து வருகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம். டீசல் எஞ்சினில், அமுக்கத்தால் கொதிப்பேறிய காற்றினுள் டீசல் நுண்தாரையாகப் பீய்ச்சப்பட்டு, கலந்தும் கலவாததுமான நிலையிலேயே தீப்பற்றிக்கொள்கிறது. தாரையின் விளிம்பில் பிராணவாயு தாராளம், நடுவிலோ பஞ்சம். அந்தப் பஞ்சப் பிரதேசத்தில் டீசலின் மூலக்கூறுகள் எரிவதற்குப் பதிலாக உஷ்ணத்தால் சிதைந்து, கரியணுக்கள் வளையங்களாகக் கோத்துக்கொண்டு, மீட்டரில் ஐந்து கோடியில் ஒரு பங்கு விட்டமுள்ள உருண்டைகளாகத் திரண்டு, அவ்வுருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக்களாகின்றன. இவ்வாறு உண்டாகும் கரியில் மிகப் பெரும்பகுதி அதே வீச்சு முடிவதற்குள் பிராணவாயுவைச் சந்தித்து எரிந்துபோகிறது. குழாய்க்கு வந்து சேர்வது எரியத் தவறிய மிச்சமே. ஆகவே காற்றைக் குறைப்பது எதுவும், தாரையைக் கெடுப்பது எதுவும், எரிதலைக் குளிர்விப்பது எதுவும் அந்த மிச்சத்தைப் பெருக்கும். தூசியடைந்த ஏர் கிளீனர், டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாயில் விழுந்த வெடிப்பு, மூக்கு தேய்ந்து ஒழுகும் இன்ஜெக்டர், எரிந்த வாயுவில் ஒரு பங்கைத் திரும்பவும் எஞ்சினுக்குள் விடும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளுதல் ஆகிய இந்நான்கும் முற்காலத்தில் கரும்புகையாக வானத்தில் எழுதப்பட்டவை. இன்று வடிகட்டியின் சுவர்களில் எழுதப்படுகின்றன.

அந்தச் சுவர்களின் அமைப்பு வெகு சாமர்த்தியமானது. பெட்ரோல் கார்களின் புகையைச் சுத்திகரிப்பதற்காக அமெரிக்காவின் கார்னிங் தொழிற்சாலை 1970-களில் கார்டியரைட் என்னும் பீங்கானை நெடிய நுண்குழல்களின் அடுக்காகப் பிதுக்கி வார்க்கும் முறையைக் கண்டது. அந்தக் குழல்களில் ஒன்றுவிட்டு ஒன்றை முன்புறத்திலும், மற்றவற்றைப் பின்புறத்திலும் அடைத்துவிட்டால், உள்ளே நுழைந்த புகைக்கு நேர்வழி இல்லாமற் போய், பக்கத்துக் குழலுக்குச் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் செல்ல வேண்டியிருக்கும். சுவரோ நுண்துளைகள் நிறைந்தது. 1985-இல் மெர்ஸிடிஸ் பென்ஸ் கம்பெனி கலிபோர்னியாவில் விற்ற டீசல் கார்களில் இத்தகைய பொறியை வைத்துப் பார்த்துப் பின்னர் கைவிட்டது. 2000-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துப் பியூஜோ 607 கார், சிலிக்கன் கார்பைடால் ஆன வடிகட்டியையும், கரியை எளிதில் எரியச் செய்யும் சீரியச் சேர்க்கையையும் துணைக்கொண்டு அதை நிலைபெறச் செய்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சுவரின் துளைகள் 10 முதல் 20 மைக்ரான் வரை அகலமுள்ளவை. கரிக்கொத்தோ ஒரு மைக்ரானில் பத்திலொரு பங்குதான். தன்னைவிட நூறு மடங்கு பெரிய வாசலில் ஒரு துகள் எப்படி அகப்பட்டுக்கொள்கிறது? காற்றின் மூலக்கூறுகள் நாற்புறமும் மோதுவதால் அத்தனை சிறிய துகள் நேர்க்கோட்டில் செல்லமாட்டாமல் தள்ளாடிக்கொண்டே செல்கிறது, துளையின் வளைந்து நெளிந்த பாதையைக் கடப்பதற்குள் எங்கேனும் சுவரைத் தொட்டுவிடுகிறது, தொட்டது மீள்வதில்லை. இப்படித் தொட்டு ஒட்டியவை துளையின் வாயைக் குறுக்கி, நாளடைவில் சுவரின்மேல் ஒரு கரிப்படலமாகப் படர்ந்த பிறகு, வடிகட்டும் தொழிலைப் பீங்கானைவிட அந்தப் படலமே திறம்படச் செய்கிறது. ஆதலால் கரி வடிகட்டிக்குச் சத்துரு என்று எண்ணுவது முழு உண்மையன்று. சிறிது கரி இருக்கும்போதுதான் அது உச்ச நிலையில் வேலை செய்கிறது. அளவு மீறும்போதே எஞ்சினுக்கு மூச்சுத் திணறுகிறது.

அளவு மீறாமல் காப்பது எரித்தல் ஒன்றினால்தான் முடியும். கரி வெறும் பிராணவாயுவில் எரிய வேண்டுமானால் ஏறத்தாழ 600 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் வேண்டும்; வேலை செய்யும் டிராக்டரின் புகைகூட அந்த உஷ்ணத்தைச் சாதாரணமாக எட்டுவதில்லை. ஆனால் நைட்ரஜன் டை ஆக்ஸைடு என்னும் வாயு 250 டிகிரியைத் தாண்டினாலே கரியை மெல்லத் தின்னத் தொடங்கிவிடுகிறது. ஜான்சன் மாத்தி கம்பெனியின் ரசாயனிகள் 1980-களின் இறுதியில் இந்தக் குணத்தைப் பயன்படுத்தும் உபாயத்தைக் கண்டார்கள்: வடிகட்டிக்கு முன்னே பிளாட்டினம் பூசிய கிரியா ஊக்கி ஒன்றை வைத்துவிட்டால், எஞ்சினிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்ஸைடு அதன்மேல் படும்போது டை ஆக்ஸைடாக மாறி, பின்னாலுள்ள கரியை ஓட்டத்திலேயே எரித்துக்கொண்டிருக்கும். டீசலில் கந்தகம் மிகுந்திருந்தால் இந்தப் பிளாட்டினம் தன் வீரியத்தை இழக்குமாதலால், கந்தகம் நீக்கிய டீசல் வந்த பிறகே இது பரவலாயிற்று. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் டீசலில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது. ஓட்டத்திலேயே எரிவது போதாதபோது, எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டி, எரிவீச்சு முடிந்த பிறகு சிறிது டீசலைக் கூடுதலாகச் செலுத்துகிறது. சில வண்டிகளில் இதற்கென்றே புகைக்குழாயில் தனி இன்ஜெக்டர் இருக்கும். அந்த டீசல் கிரியா ஊக்கியின்மேல் எரிந்து, வடிகட்டிக்குள் புகும் வாயுவை 600 டிகிரிக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்த, சேர்ந்த கரியெல்லாம் கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. மெக்கானிக்குகள் இதை ‘ரீஜென்’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

இப்போது இரண்டு டிராக்டர்களைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மக்காச்சோள நிலத்தில் கனத்த கலப்பையை இழுத்துக்கொண்டு நாள் முழுவதும் முழுப் பாரத்தில் செல்வது. அதன் புகை எப்போதும் உஷ்ணமாயிருப்பதால் கரி சேரச் சேர எரிந்துகொண்டே வருகிறது. ஓட்டுநர் தம் வண்டியில் வடிகட்டி இருப்பதையே மறந்துவிடலாம். மற்றொன்று, விஸ்கான்சின் மாநிலத்துப் பால்பண்ணையில், பனிக்காலக் காலைகளில், முன்புற வாளியால் தீவனத்தை அள்ளிக் கொட்டுவதற்காகக் கால் மணி ஓடி, அரை மணி ஐடிலில் நின்று, மறுபடியும் கால் மணி ஓடுவது. இதன் புகை கிரியா ஊக்கிக்கு உயிர் வரும் 200, 250 டிகிரியைக்கூட எட்டுவதில்லை. கரி சேர்கிறதேயன்றி எரிவதில்லை. போதாக்குறைக்கு, ரீஜென் தொடங்கும்போதெல்லாம், வைக்கோல் நிறைந்த கொட்டகைக்குள் அத்தனை உஷ்ணமான புகையை விடலாகாதே என்ற நியாயமான பயத்தால், ஓட்டுநர் அதைத் தடுக்கும் பொத்தானை அமுக்குகிறார். வெளியே வந்த பிறகு அதை விடுவிக்க மறந்துபோகிறார். வடிகட்டித் தொல்லைகளில் எத்தனையோ, எந்த உறுப்பும் கெடாமலே, இந்த மறதியினால் மாத்திரம் உண்டாகின்றன. நம் நாட்டில் நன்செய்ச் சேற்றுழவும் ரோட்டவேட்டர் வேலையும் எஞ்சினை நன்கு சூடேற்றுவனவாதலால் வடிகட்டிக்கு உகந்தவை. நடவுக்காலம் போனபின் தண்ணீர் டேங்கரை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக நின்று நின்று செல்வதே அதற்கு உகாதது.

குறிகளுக்கு வருவோம். அவற்றில் மிகவும் முந்தியதும், அதிகம் அலட்சியம் செய்யப்படுவதும், இரண்டு ரீஜென்களுக்கு இடையே கழியும் காலம். மணிமீட்டரைப் பார்த்து ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் குறித்து வருபவருக்கு, அதே வேலையைச் செய்யும் அதே வண்டி, முன்பு நாற்பது மணிக்கு ஒரு முறை கேட்டதை இப்போது பதினைந்து மணிக்கு ஒரு முறை கேட்கிறது என்பது, விளக்கு எரிவதற்கு வெகு நாள் முன்னதாகவே தெரிந்துவிடும். வேலை மாறாமல் இடைவெளி குறைந்தால், எஞ்சின் முன்னைவிட அதிகக் கரியை விளைவிக்கிறது என்றோ, வடிகட்டியில் இடம் குறைந்துவிட்டது என்றோதான் கொள்ள வேண்டும். இரண்டில் எது என்பதைப் பிரித்தறியவும் வழி இருக்கிறது. அதைச் சாம்பலைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

அடுத்தது ஆயில் குச்சி. ஆயில் மட்டம் குறைவதைக் கண்டு கவலைப்படுவது எல்லாருக்கும் பழக்கம்; ஏறுவதைக் கண்டு கவலைப்படுவோர் சிலரே. எரிகலத்திலேயே பின்தாமதமாக டீசலைச் செலுத்தும் எஞ்சின்களில், அந்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரை நனைத்து, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலோடு கலந்துவிடும். ரீஜென் அடிக்கடி நடந்தாலோ, பாதியில் நிறுத்தப்பட்டு மறுபடி மறுபடி தொடங்கினாலோ, மட்டம் உயர்ந்து, குச்சியை முகர்ந்தால் டீசல் நெடி அடித்து, ஆயில் நீர்த்துப்போய்த் தாங்கிகள் தேய ஆரம்பிக்கும். வடிகட்டியின் வியாதியைக் கவனியாது விட்டவர் எஞ்சினையே இழக்கும் வழி இது. சில்லறைக் குறியாகத் தோன்றினும் இதைவிட அவசரமானது வேறில்லை.

வேகமெடுக்கத் தயங்குதல், மேட்டில் ஏறும்போது சக்தி குன்றுதல், டீசல் செலவு கூடுதல், புகை எளிதில் வெளியேறாமையால் டர்போ மிதமிஞ்சிச் சூடாதல் ஆகியவை யாவருக்கும் புலப்படும் பிந்திய குறிகள். இந்நிலையில் விளக்கு முதலில் நிலையாக எரிந்து, பின்னர் சிமிட்டி, அதையும் பொருட்படுத்தாவிட்டால் மின்னணுப் பெட்டி எஞ்சினின் சக்தியைத் தானே குறைத்துவிடும். யூரியாக் கரைசல் குறைந்தாலும் கெட்டாலும் இதே போன்ற தண்டனை கிடைப்பதால், எரிவது எந்த விளக்கு என்பதைக் கைப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாராமல் வடிகட்டியின்மேல் கை வைக்கலாகாது. விளக்கு சிமிட்டும் மட்டும், வண்டியைக் காய்ந்த புல்லும் வைக்கோலும் இல்லாத வெட்டவெளியில் நிறுத்தி ஓட்டுநரே ரீஜெனைத் தொடங்கிவிட்டு அரை மணியோ முக்கால் மணியோ காத்திருந்தால் காரியம் முடிந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டி கரி சேர்ந்துவிட்டால் பெட்டி எரிக்கவே சம்மதிக்காது.

சம்மதியாமைக்குப் பிடிவாதம் காரணமன்று. கரி தானும் எரியும்போது உஷ்ணத்தை வெளியிடுவது. அந்த உஷ்ணத்தை அடித்துக்கொண்டு போவது வடிகட்டியினூடே பாயும் வாயுவின் வேகம். எரிதல் மும்முரமாக நடக்கும் தருணத்தில் ஓட்டுநர் திடீரென்று எஞ்சினை ஐடிலுக்கு இறக்கிவிட்டால், வாயுவின் ஓட்டம் குறைந்து குளிர்ச்சி நின்றுபோவதோடு, பாரமற்ற டீசல் எஞ்சினின் புகையில் பிராணவாயு மிகுதியாதலால் நெருப்புக்கு மேலும் தீனி கிடைக்கிறது. உஷ்ணம் 1000 டிகிரியைத் தாண்டிச் சென்று, பீங்கான் விரிசல் விடும். கரி மிகுதியாகச் சேர்ந்திருந்தால் சில இடங்களில் உருகவும் செய்யும். ரீஜென் நடக்கும்போது வண்டியை அணைக்கவோ சும்மா நிறுத்தவோ வேண்டாமென்று கைப்புத்தகங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் தாத்பரியம் இதுதான்.

விரிசல் விட்ட வடிகட்டியோ எல்லாரையும் ஏமாற்றக்கூடியது. பிளவின் வழியே புகை தடையின்றிச் செல்வதால் எஞ்சினின் திணறல் நீங்கிவிடும், போன சக்தி திரும்பிவிடும், விளக்கும் அணைந்துபோகலாம். தொல்லை தானே தீர்ந்தது என்று ஓட்டுநர் மகிழ்கிற அந்த நாளில்தான் வடிகட்டி உண்மையில் இறந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம்: ஆறின குழாயின் வாயில் உட்புறமாக ஒரு வெள்ளைத் துணியைத் தடவிப் பார்த்தால் போதும். நல்ல வடிகட்டியின் பின்னால் உள்ள குழாய், நூற்றுக்கணக்கான மணி ஓடிய பின்னும் அநேகமாகச் சுத்தமாகவே இருக்கும். துணியில் கருமை அப்பினால், பிளவு இருக்கிறது என்றோ, வடிகட்டியை அதன் உறையில் பிடித்து நிறுத்தும் மெத்தை அரித்துப் புகை பக்கவாட்டில் நழுவுகிறது என்றோ அறியலாம். புகை போய்விட்ட காலத்தில் கண்ணுக்கு மிஞ்சியிருக்கும் சாட்சியம் இந்தக் குழாய்தான்.

கருவிகளின் சாட்சியத்தை நம்புவதிலும் விவேகம் வேண்டும். வடிகட்டிக்கு முன்னும் பின்னுமிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் ஓர் அமுக்க சென்சாருக்குச் செல்கின்றன. இரண்டு அமுக்கங்களின் வித்தியாசத்தைக் கொண்டே பெட்டி கரியின் அளவைக் கணிக்கிறது. ஆனால் அந்த வித்தியாசம் கரியைப் பொறுத்தது மட்டுமன்று. பாயும் வாயுவின் அளவையும் உஷ்ணத்தையும் பொறுத்தது. நிரம்பி வழியும் வடிகட்டியும் ஐடிலில் சாதுவாகவே தோன்றும் என்பதால், முழுப் பாரத்தில் எடுத்த அளவே அளவு. அந்த மெல்லிய குழாய்களில் கரியோ, புகையிலிருந்து குளிர்ந்து இறங்கிய நீரோ அடைத்துக்கொண்டாலும், குளிர்நாடுகளில் அந்நீர் உறைந்தாலும், குழாய் வெடித்தாலும், சென்சார் பொய்யே சொல்லும். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் சூன்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பழி சென்சாருக்கே உரியது. சில ரூபாய்க் குழாயின் அடைப்புக்காக, விலைமிக்க வடிகட்டியைக் கழற்றி எறிவதைக் காட்டிலும் பரிதாபம் உண்டோ?

இதே போன்று, ரீஜென் நடக்கும் சமயம் கிரியா ஊக்கிக்கு முன்னும் பின்னுமுள்ள உஷ்ணமானிகளைப் பார்க்க வேண்டும். டீசல் செலுத்தப்பட்டும் பின்புற உஷ்ணம் ஏறவில்லையானால், டீசலைச் செலுத்தும் மூக்கு அடைபட்டிருக்கலாம். அல்லது ஊக்கி கரியாலும் ஆயிலாலும் மூடுண்டு செயலற்றிருக்கலாம். பின்னதில் எரியாத டீசல் வெண்புகையாகக் குழாயில் வருவது, புகை வடிகட்டியுள்ள வண்டியிலும் புகை தோன்றும் அபூர்வ சந்தர்ப்பங்களுள் ஒன்று. எஞ்சின் நீரின் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் நீர் எப்போதும் குளிர்ந்தே இருக்க, எஞ்சின் சூடேறவில்லை என்று கருதிப் பெட்டி ரீஜெனைத் தொடங்காமலே இருந்துவிடுவதும் உண்டு. எங்கோ முன்னால் இருக்கும் ஒரு சிறு தகட்டின் குற்றம் பின்னாலிருக்கும் வடிகட்டியின் தலையில் விடிகிறது.

இனி, சாம்பல். அடுப்பில் விறகு எவ்வளவு நன்றாக எரிந்தாலும் கரிதான் மறையுமேயன்றிச் சாம்பல் மறையாது. நாள்தோறும் அள்ளாவிட்டால் அடுப்பே தூர்ந்துவிடும். வடிகட்டியின் சாம்பலோ டீசலிலிருந்து வருவது குறைவு. எஞ்சின் ஆயிலோடு கலந்திருக்கும் கால்சியம், மக்னீசியம், துத்தநாகச் சேர்க்கைகள் எரிந்து வருவதே அதிகம். நூற்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல் தராத விசேஷ ஆயிலை இத்தகைய எஞ்சின்களுக்கு வற்புறுத்துவது இதனால்தான். கடையில் கிடைத்த பழைய ரக ஆயிலை ஊற்றுகிறவர் அந்தச் சிக்கனத்தை வடிகட்டியின் ஆயுளில் செலுத்திவிடுகிறார். சாம்பல் முதலில் சுவர்களில் படிந்து, பிறகு குழல்களின் கடைக்கோடியில் கெட்டித்து, கரிக்கு உரிய இடத்தைச் சிறிது சிறிதாக அபகரிக்கிறது. முன்னே சொல்லாமல் நிறுத்திய பரீட்சை இதுவே: ரீஜென் முழுமையாக முடிந்த உடனே முழுப் பாரத்தில் அமுக்க வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். அது நன்கு இறங்கி, பின் விரைவில் ஏறினால் எஞ்சின் கரியை மிகுதியாக விளைவிக்கிறது. எரித்த பிறகும் இறங்காமல் உயர்ந்தே நின்றால் உள்ளே இருப்பது சாம்பல். முன்னதற்கு இன்ஜெக்டரையும் காற்றின் வழியையும் ஆராய வேண்டும். பின்னதற்கு வடிகட்டியைக் கழற்றவேண்டும்.

கழற்றுவதிலும் எரிப்பதிலும் உழவருக்குள்ள சுதந்திரம் பற்றி ஒரு வார்த்தை. எல்லை தாண்டிய வடிகட்டியை எரிப்பதற்கு உற்பத்தியாளரின் கணினி நிரல் வேண்டும். அது பெரும்பாலும் விற்பனையாளரிடம்தான் இருக்கும். அவரோ அறுவடை வேளையில் எத்தனையோ மைலுக்கு அப்பால் இருப்பார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கருவிகளை உழவருக்கும் தர வேண்டுமென்று 2023-இல் சட்டம் இயற்றியதும், 2025 ஜனவரியில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் ஜான் டியர் கம்பெனியின்மேல் வழக்குத் தொடர்ந்ததும் இந்த மனத்தாங்கலின் விளைவுகள். மனத்தாங்கல் நியாயமானதே. ஆனால் அதைக் காரணமாகக் காட்டி வடிகட்டியையே வெட்டியெறிந்து, பெட்டியின் நிரலைத் திருத்திவிடும் வழக்கம் சட்டவிரோதம் என்பதோடு, நோயை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை உடைக்கிற காரியமாகவும் முடிகிறது. ஒழுகிய இன்ஜெக்டர் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

சாம்பல் அகற்றும் வேலையை உழவரின் முற்றத்தில் செய்யலாகாது. நீரைப் பீய்ச்சினால் சாம்பல் சேறாகிக் குழல்களில் இறுகும். காற்றை ஊதினால் நுரையீரலுக்குப் பகையான அந்த நுண்தூள் ஊதுகிறவர் மேலேயே வந்து விழும். இதற்கென்று அமைந்த பட்டறைகளில், சூளையில் மெல்ல மெல்ல உஷ்ணமேற்றி மிஞ்சிய கரியை எரித்துவிட்டு, மூடிய அறையில் புகை வெளியேறும் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் காற்றைத் துடிப்புத் துடிப்பாகச் செலுத்திச் சாம்பலை வெளியேற்றுகிறார்கள். அமெரிக்க விதிப்படி, ஏறத்தாழ 175 குதிரைச் சக்திக்குட்பட்ட எஞ்சினில் 3000 மணிக்கு முன்பும், அதற்கு மேற்பட்டதில் 4500 மணிக்கு முன்பும் இந்த வேலை அவசியமாகும்படி உற்பத்தியாளர் அமைக்கக்கூடாது. ஆகவே அதற்கு வெகு முன்பே ஒரு வடிகட்டி நிரம்பிவிட்டதென்றால், ஆயில் எங்கோ மிகுதியாக எரிகிறது. நல்ல பட்டறையில் சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் வடிகட்டியை எடை போடுவார்கள். அந்த இரண்டு எடைகளையும் அன்றைய மணிமீட்டர் கணக்கோடு சேர்த்துக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நலம். அடுத்த முறை அதே மணிக்கு இரட்டிப்புச் சாம்பல் வந்திருக்குமாயின், பிஸ்டன் வளையங்களையும் வால்வு சீல்களையும் டர்போவையும் பரிசோதித்து முடிக்கும் வரையில், சுத்தம் செய்த வடிகட்டியை வண்டியில் பூட்டாமல் வைத்திருக்க வேண்டும்.